கொழும்பிலிருந்து கிரவல் வீதிகளுக்குச் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேராகச் சைக்கிளில் புறப்பட்டு, தார் வீதி முடிகிற இடம் வரை போய், அதற்கு அப்பாலும் கொஞ்சம் போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். சேறு அப்பிய சைக்கிளோடு மாடிக்குடியிருப்பின் மின்தூக்கிக்குள் நுழைகிறவனைக் கண்டால் யாருக்கும் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அலுவலகத் தேநீர் வேளையிலும் அதே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடியவரை மாற்றவில்லை.

கொழும்பில் மண் பாதையா? எங்கே இருக்கிறது?

காலி வீதியில் நின்று பார்த்தால் இல்லைதான். ஆனால் கொழும்பு சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த ஊர். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் இதுவும் ஒன்று. சதுப்பும் வாய்க்காலும் உள்ள இடத்தில் கரை இருக்கும். கரை இருந்தால் அதன்மேல் யாராவது நடந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். அத்திடிய, பெல்லன்வில, பொல்கொட ஏரிப் பக்கம், தலவத்துகொடைக்கு அப்பாலுள்ள வயல்வெளிகள் என்று, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தார் விட்டுப்போகும் இடங்கள் உண்டு.

உண்மையான கிரவல் வீதி, அதாவது சரளை மண் வீதி, வேண்டுமென்றால் ஹோமாகமவைத் தாண்ட வேண்டும். பாதுக்கை, ஹங்வெல்ல, வக பக்கத்து றப்பர் தோட்டங்களுக்குள் செம்மண்ணும் கபுக்கல் என்கிற செம்புரைக்கல் சிதறலுமாகப் பாதைகள் கிளை கிளையாகப் பிரியும். ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: சென்ற வருடம் மண்ணாக இருந்த ஒழுங்கை இந்த வருடம் கொங்கிறீட் ஆகியிருக்கும். ஊர்க்காரருக்கு அது நல்ல செய்தி. முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை.

முதல் தடவை போகிறோம். எங்கே தொடங்கலாம்?

ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு நோக்கிப் போகும் ஹமில்டன் கால்வாய்க் கரையில். ஏற்றம் என்ற பேச்சே இல்லை. வழி தவறவும் முடியாது; தண்ணீர் பக்கத்தில் இருக்கும்வரை சரியாகத்தான் போகிறீர்கள். கால்வாயின் நீளம் 14.5 கிலோமீற்றர். பாதை ஒரே சீராக இராது, ஓரிடத்தில் கல் பதித்திருக்கும், அடுத்த இடத்தில் மணல் சில்லைப் பிடித்து இழுக்கும். புதியவருக்கு இது நல்ல பயிற்சி.

எல்லோரும் டச்சுக் கால்வாய் என்பார்கள். இது ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தது. முத்துராஜவெல சதுப்பில் ஏறிய உப்புநீரை வடிக்க வெட்டினார்கள். கவின் ஹமில்டன் என்ற வருவாய் அதிகாரியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. முதல் தடவை வருகிறவர்களுக்கு இதைச் சொல்வேன், அடுத்த தடவை வரும்போதும் டச்சுக் கால்வாய் என்றுதான் சொல்வார்கள்.

கொழும்பிலிருந்து போக, விடியுமுன் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி வழியாகக் களனி ஆற்றைக் கடந்துவிடுங்கள். ஆறரைக்கெல்லாம் கரையில் இருந்தால் வள்ளத்திலிருந்து வலையை உதறுகிறவர்களைப் பார்க்கலாம். பமுனுகம பக்கம் ஞாயிறு பூசைக்குப் போகும் குடும்பங்கள் பாதை நிறைய வரும். அப்போது மணியை அடித்துக்கொண்டு நுழைய வேண்டாம். இறங்கி உருட்டினால் இரண்டு நிமிடம்தான் போகும்.

என்னிடம் இருப்பது சாதாரண லுமாலா சைக்கிள். போதுமா?

கால்வாய்க் கரைக்குத் தாராளமாகப் போதும். 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் சைக்கிள் வாங்கி, பிறகு பல்கனியில் துணி காயப்போடப் பயன்படுத்துகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அந்தச் சைக்கிளைத் துடைத்து, பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் முதல் நான்கைந்து பயணங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

றப்பர் தோட்டத்து ஏற்ற இறக்கத்துக்குக் கியர் வேண்டும். அதைவிட முக்கியம் டயரின் அகலம். இரண்டு அங்குலத்துக்குக் கிட்டிய, கட்டை வைத்த டயர் இருந்தால் கிரவலில் பயமில்லாமல் இறங்கலாம். ஒல்லி டயர் போட்ட பந்தயச் சைக்கிளோடு ஒரு நண்பர் வந்தார்; திரும்பும்போது பாதித் தூரம் சைக்கிள் அவர் தோளில் வந்தது. முன் சில்லில் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் இருந்தால் சுகம், இல்லாவிட்டாலும் குறையில்லை. அதற்காகப் புதுச் சைக்கிள் வாங்காதீர்கள், ஆறு மாதம் ஓடிவிட்டு யோசியுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று அடிப்பது?

கல்லுப்போல் அடித்துக்கொண்டு வருவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இரண்டு அங்குல டயரும் எழுபது கிலோ ஆளும் என்றால் தார் வீதிக்கு 45 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொண்டு, கிரவல் தொடங்கும் இடத்தில் 30 அளவுக்கு இறக்கிவிடுங்கள். டயர் கல்லின் மேல் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்தால்தான் பிடிக்கும். இல்லாவிட்டால் கல்லுக்குக் கல் தாவும், கை மரத்துப்போகும். மிகவும் இறக்கினால் கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போலப் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அளவுமானி இல்லாதவர்கள் பெருவிரலால் அழுத்திப் பார்க்கலாம். சற்றே அமிழ வேண்டும், அவ்வளவுதான்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், உங்கள் சில்லுக்குப் பொருந்தும் டியூப் ஒன்று, தேசிய அடையாள அட்டை, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சக் காசு. கிராமத்துக் கடையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் பக்கத்து வீடெல்லாம் அலைய வேண்டியிருக்கும். கூட்டத்துக்குப் பொதுவாகப் பம்ப் ஒன்று, ஒட்டுப் பெட்டி, டயர் கழற்றும் நெம்பி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற் இரண்டு, காயத்துக்குக் கட்டுத்துணி. தலைக்கவசம் அவரவர் விருப்பம் என்று யாராவது சொன்னால் எங்கள் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை.

சாப்பாடு சுமக்க வேண்டாம். எந்தச் சந்தியிலும் மாலுபாண் என்கிற மீன் பணிசும் வெறுந்தேநீரும் கிடைக்கும். ஹங்வெல்ல வீதியோரம் செவ்விளநீர் குலைகுலையாகத் தொங்கும்.

ஒட்டுப் போடத் தெரியாது. வழியில் கடை இருக்காதா?

கடை இருக்கும், ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறந்திருக்காது. ஒரு தடவை வகவுக்குக் கிட்ட எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பெரியவர் ஒருவர் கடையைத் திறந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். பேசினில் தண்ணீர் பிடித்து டியூபைக் கைமாறிக் கைமாறி அமிழ்த்தினார். குமிழி வரவில்லை. பிறகு வால்வுப் பக்கத்தை அமிழ்த்தினார், ஊசிமுனை போலக் குமிழிகள் வரிசையாக ஏறின. ஒட்டே தேவையில்லை, உள்ளேயிருந்த சிறிய றப்பர் உறை வெடித்திருந்தது. மாற்றிப் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்றார். அதிலிருந்து எல்லோரும் வால்வை முதலில் பார்க்கிறோம்.

வால்வு மூன்று வகை. பழைய சைக்கிளில் அந்த றப்பர் உறை வைத்தது. பெரும்பாலான மவுண்டன் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்றது. விலை கூடியவற்றில் மெல்லியது, நுனியைத் திருகித் திறக்க வேண்டும். இந்த மூன்றாவதுக்குக் கிராமத்துக் கடையின் காற்றுக்குழாய் பொருந்தாது. பட்டாணி அளவுப் பித்தளை மூடி ஒன்று விற்கிறார்கள், அதைத் திருகினால் பொருந்தும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். ஒட்டுப் போடுவதை வீட்டிலேயே ஒரு மாலை பழகிவிடுங்கள். சில்லைக் கழற்றி டியூபை மாற்றத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

எத்தனை பேர் போவது நல்லது?

நான்கு முதல் ஆறு. இரண்டு பேர் போய் ஒருவர் விழுந்தால், மற்றவர் அவரோடு இருப்பதா உதவி தேடிப் போவதா என்று திண்டாட வேண்டும். பத்துப் பேர் போனால் ஒவ்வொருவர் டியூபுக்காகவும் ஒன்பது பேர் நிற்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் பத்துச் சைக்கிள் வரிசையாக வந்தால் எதிரே வருகிற ஆச்சி எங்கே ஒதுங்குவார்?

நான் எல்லோரையும்விட மெதுவாக ஓடுவேன். உங்களுக்குக் கரைச்சலாக இருக்காதா?

எங்கள் வேகமே உங்கள் வேகம்தான். முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் ஒட்டுப் போடத் தெரிந்தவர் ஒருவர். கடைசியில் வருகிறவர் யாரையும் முந்தக் கூடாது. நீங்கள் நின்றால் அவரும் நிற்பார். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நின்று, எல்லோர் முகத்தையும் கண்ட பிறகே திரும்புவார்.

மெதுவாக வருகிறவருக்கு நாம் செய்யும் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அவர் வந்து சேரும்வரை நிழலில் களைப்பாறிவிட்டு, அவர் வந்த நிமிடமே புறப்படுவது. களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. அவர் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, தானாக ஒரு பகிடி சொல்லும்வரை நிற்க வேண்டும். பகிடி வந்தால் ஆள் சரி.

ஏன் விடியற்காலையில் எழும்ப வேண்டும்? எட்டு மணிக்குப் போனால் என்ன?

எட்டு மணிக்கு ஹைலெவல் வீதி பஸ்களுடையது. சூரியன் கொழும்பில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில் எழும். ஐந்தே காலுக்குப் புறப்பட்டால் வெளிச்சம் வரும்போது மகரகமவைத் தாண்டியிருப்பீர்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பத்தரைக்குப் பிறகு வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்து ஆளை அவித்துவிடும்.

மழைக்காலத்தில் போகலாமா?

கொழும்பில் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மழையே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் சைக்கிள் துருப்பிடித்துவிடும். ஜனவரி, பெப்ரவரி மிகவும் வசதி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போதும், ஒக்டோபர், நவம்பரிலும் யோசித்துப் போங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். அதனால்தான் மேலே சொன்ன ஐந்தே கால்.

செம்மண் பாதை லேசான தூறலில்தான் அதிகம் வழுக்கும். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். களனி ஆற்றோரப் பாதைகள் வேறு கதை. 2016 மே வெள்ளத்தில் கடுவெல, கொலன்னாவைப் பக்கம் எப்படி மூழ்கியது என்பது பலருக்கும் நினைவிருக்கும். கொழும்பில் வெயில் அடித்தாலும் மேல்நாட்டில் பெய்த மழை ஆற்றில் பிறகுதான் வரும். தண்ணீர் பாதையை மூடியிருந்தால் ஆழம் பார்க்கப் போகாமல் திரும்பிவிடுங்கள்.

சிங்களம் சரளமாக வராது. கிராமத்துக்குள் போகப் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். நம் தலைமுறைக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை என்று எனக்கும் தெரியும். போர் நடந்த சோதனைச் சாவடிக் காலத்தில் கொழும்பில் வளர்ந்தவனுக்குத் தெரியாத ஒழுங்கைக்குள் நுழைவதே பழக்கமில்லை. ஆகவே பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கேள்வியை முடிக்கமாட்டேன்.

எங்கள் அனுபவம் இது. சைக்கிளில் வியர்த்து வழிந்து வருகிறவனிடம் யாரும் முதலில் கேட்பது தண்ணீர் வேண்டுமா என்றுதான். நான்கு வாக்கியம் போதும். மே பார கொஹாட்டத யன்னே என்றால் இந்தப் பாதை எங்கே போகிறது. யன்ன புளுவன்த என்றால் போகலாமா. பிறகு கையை நீட்டிக் காட்டுவார்கள். கடைசியில் பொஹொம ஸ்துதியி. நான்காவது வாக்கியம் கொழும்பிலிருந்து வருகிறோம் என்பது, அதை நம் உச்சரிப்பே சொல்லிவிடும். முதல் வணக்கத்தை நாம் சொல்ல வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கிச் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் இன்னும் நல்லது.

மலையகத் தமிழர் என்றால் தேயிலை மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: களனிப் பள்ளத்தாக்கின் றப்பர் தோட்டங்களிலும் அவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பாதுக்கைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வழி தவறி, நான் மனத்துக்குள் சிங்கள வாக்கியத்தைக் கோத்துக்கொண்டு, றப்பர் பால் வாளியோடு வந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம்பி வெள்ளவத்தையா என்று தமிழில் கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில், இருத்தித் தேநீர் தந்தார். சீனி தனியாக உள்ளங்கையில்.

றப்பர் தோட்டத்துக்குள் அனுமதி கேட்காமல் போகலாமா?

தோட்டத்தின் ஊடாக ஊர்ப்பாதை போனால், பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் நடக்கும் பாதை என்றால், அதில் போகலாம். வாயிலோ காவலாளியோ இருந்தால் இறங்கிக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான், விவாதம் வேண்டாம்.

காலையில் பால் வெட்டு நடக்கும். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும், வெட்டிய கோட்டில் பால் துளித்துளியாக இறங்கும். அந்த மரங்களுக்கு நடுவில் புகுந்து ஓடாதீர்கள், ஒரு சிரட்டை கவிழ்ந்தால் ஒருவருடைய கூலியில் குறையும். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் அவற்றைச் சுற்றிய காடும் வேறு வகை. கொழும்பு குடிக்கும் தண்ணீர் அங்கிருந்தும் வருகிறது, காடு காப்பு வனம். முன் அனுமதியில்லாமல் அந்த வாயில்களைத் தாண்டக் கூடாது. வெளியே போகும் வீதியே அழகாகத்தான் இருக்கிறது.

பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களைச் சிலர் கேட்கிறார்கள். அவை நடந்து பறவை பார்க்கிறவர்களின் இடங்கள். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுப் போங்கள்.

கூகுள் வரைபடத்தில் பாதை காட்டுகிறது. நம்பலாமா?

திசைக்கு நம்பலாம். பாதைக்கு, அங்கே வாசல் கூட்டிக்கொண்டிருப்பவரைத்தான் நம்ப வேண்டும். வரைபடம் காட்டிய கோடு ஒன்று ஒரு வீட்டுச் சமையலறைப் படிக்கட்டில் முடிந்ததைக் கண்டிருக்கிறோம். முதல் நாளிரவு செய்மதிப் படத்தில் பாருங்கள்: செம்மண் கோடு மரத்துக்கடியில் மறைந்து, அடுத்த பக்கம் வெளிவருகிறதா என்று. வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கு நடுவே சிக்னல் விட்டுப்போகும்.

ரயில் பாதையோரமாகவே அவிசாவளை வரை போகலாமாமே?

களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1902இல் அவிசாவளையை எட்டியது. அப்போது அது குறுகிய பாதை. 1990களில்தான் அகலப்பாதையாக மாற்றினார்கள். இன்றும் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தோரம் சைக்கிள் ஓடுவது சட்டப்படியும் பிழை, புத்திப்படியும் பிழை. பக்கத்து ஒழுங்கைகள் வழியாகத் தண்டவாளத்தை அடிக்கடி கடந்து போகலாம், அது இனிமையான பயணம். கடக்கும்போது தண்டவாளத்துக்கு நேர் குறுக்காகப் போங்கள். சாய்வாகப் போனால் ஈர இரும்பில் சில்லு வழுக்கி ஆளைக் கிடத்திவிடும். எனக்கு இடது முழங்கையில் அதன் அடையாளம் இருக்கிறது.

அதிவேக நெடுஞ்சாலையில் கொஞ்சத் தூரம்?

சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

நாய் துரத்தினால் என்ன செய்வது?

வேகமாக மிதிக்காதீர்கள், அது அந்த விளையாட்டுக்குத்தான் வருகிறது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். எல்லோரும் சேர்ந்து நடங்கள், கடைசியில் தனியாக வருகிறவரைத்தான் அது தேர்ந்தெடுக்கும்.

கடித்தால், சிறிய கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரச மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு நீர்வெறுப்பு நோயிடம் செல்லாது.

அட்டை, பாம்பு, முதலை எல்லாம் இருக்குமா?

மூன்றும் உண்டு. அட்டைக்கு உப்புப் பொட்டலம், நீளக் காலுறை. அட்டையால் ஆள் சாவதில்லை, கூச்சல்தான் பெரிது. பாம்பு பெரும்பாலும் உங்கள் சில்லின் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். சருகுக் குவியலுக்குள் கையை விடாதீர்கள், ஒதுக்குப்புறம் போகிறபோது காலடியைப் பாருங்கள். முதலை பொல்கொட ஏரியிலும் உண்டு, பாராளுமன்றத்தைச் சுற்றிய தியவன்னா ஓயாவிலும் உண்டு. சேற்றுக் காலைக் கழுவ அங்கெல்லாம் தண்ணீரில் இறங்க வேண்டாம். கபரக்கொய்யா என்கிற பெரிய நீர் உடும்பை முதலை என்று நினைத்துச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிய ஒருவரும் எங்களோடு வருகிறார். பெயரைச் சொல்லமாட்டேன்.

வயல் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வருமாமே?

வரலாம். இலங்கையில் மழைக்குப் பிறகு வயல் வேலை செய்பவர்களுக்கு வரும் நோய் இது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், தோலிலுள்ள காயம் வழியாக உடலில் புகும். முழங்காலில் கீறல் இருக்கும்போது வரப்பை விட்டு இறங்காதீர்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அவர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார். முன்கூட்டியே மாத்திரை எடுப்பதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நண்பரிடம் கேட்டு அல்ல.

நாங்கள் பெண்கள் நால்வர். எங்களால் தனியாகப் போக முடியுமா?

எங்களோடு வரும் இரண்டு பெண்களிடம் கேட்டே எழுதுகிறேன். போக முடியும், அவர்கள் போகிறார்கள். ஆள் நடமாட்டமுள்ள கால்வாய்க் கரையும் வயல் வீதிகளும் வசதி. றப்பர் தோட்டத்தை முதலில் தெரிந்தவர்களோடு ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிறகு போவது நல்லது. வீட்டில் ஒருவருக்குத் தொலைபேசியில் இருப்பிடம் தெரியும்படி வைத்துவிடுங்கள். கழிப்பறைதான் உண்மையான பிரச்சினை என்கிறார்கள். பெற்றோல் நிலையம், விகாரை, தேவாலயம் எங்கே வருகிறது என்று முன்பே குறித்துக்கொள்வார்களாம். ஆண்கள் எழுதும் பட்டியல்களில் இது வருவதே இல்லை என்று குத்தலாகச் சொன்னார்கள். இப்போது வந்துவிட்டது.

பத்து வயது மகனைக் கூட்டி வரலாமா?

கால்வாய்க் கரைக்கு, போக வர பத்துக் கிலோமீற்றர். பட்டா எனப்படும் சிறிய லொறி ஒன்றைப் பிடித்துச் சைக்கிள்களை ஏற்றி ஹெந்தளையில் இறக்கினால் நகரத்து வாகனங்களுக்குள் அவனைக் கொண்டுபோக வேண்டியதில்லை. தண்ணீர்ப் பக்கம் நீங்கள் ஓடுங்கள், உள்பக்கம் அவன். அவனுக்கு அலுக்குமுன் திரும்புங்கள்.

யாராவது விழுந்து அடிபட்டால்?

முதலில் மற்றவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், பின்னால் மோட்டார் சைக்கிள் வரும். தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இடத்தைச் சொல்வதுதான் கஷ்டம், தோட்டத்துக்குள் வீதிப் பெயர் இராது. அதனால் கடைசியாகக் கடந்த சந்தி, விகாரை, பாடசாலை எது என்று முன்னால் போகிறவர் மனத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் கையில் தொலைபேசியைக் கொடுத்தால் வேலை இன்னும் விரைவாக முடியும்.

கூட வந்தவர் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் தேடிக் களைத்துவிட்டோம். இனி அவரைச் சேர்ப்பதா?

எங்களுக்கும் நடந்தது. ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு கிளைப்பாதையாகப் பார்த்தோம், ஓடைக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். அவர் வீட்டில் குளித்துவிட்டு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபப்பட்டுப் பேசினோம். பிறகு விசாரித்தால், ஏற்றத்தில் முடியாமல் போயிற்று, எங்களைத் தாமதப்படுத்த வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார். அன்று கடைசியில் வர வேண்டியவர் அவரை முந்திப் போயிருந்தார். பிழை பாதி எங்களுடையது. சேர்த்துக்கொண்டோம். சொல்லிவிட்டுத் திரும்பினால் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது இப்போது விதி. இரண்டாம் தடவையும் சொல்லாமல் போனால் உங்கள் இஷ்டம்.

பாதி பேர் போகலாம் என்கிறார்கள், பாதி பேர் திரும்பலாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

திரும்ப வேண்டும் என்கிற ஒருவர் இருந்தாலும் எல்லோரும் திரும்புகிறோம். வாக்கெடுப்பு இல்லை. கூட்டம் பிரிந்தால் பம்ப் ஒரு பக்கம், ஒட்டுப் பெட்டி மறுபக்கம் போகும்.

நீங்கள் போகும் அந்த ஓடைப் பாதை எது? இடத்தை அனுப்புங்களேன்.

மற்றவற்றை எல்லாம் ஊர் பெயரோடு சொல்லிவிட்டேன். இதை மட்டும் சொல்லமாட்டேன், கஞ்சத்தனம் என்று நினைத்தாலும் சரி. அந்தப் பாதை ஒரு வீட்டு முற்றத்தின் ஊடாகப் போகிறது. அந்த வீட்டுப் பெரியவர் நாங்கள் வருவதைக் கண்டால் நாயைப் பிடித்துக் கட்டிவிட்டுப் படலையைத் திறப்பார். பக்கத்தில் மிளகு காயப்போட்டிருக்கும். இந்த இடம் தொலைபேசிக்குத் தொலைபேசி போனால் அடுத்த மாதம் அந்த மிளகின் மேல் நாற்பது சில்லு ஏறும்.

பார்க்க ஆசை என்றால் ஞாயிறு ஐந்தே காலுக்கு மரைன் டிரைவில், வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு எதிரே நில்லுங்கள். டியூப் உங்களுடையது.